ஐந்நூறு மணி நேரத்தை எந்த மடைக்குத் திறப்பது?

பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானத்துக்கு அருகில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கூடுகிறோம். ஆறு பேர்: பாலிடெக்னிக் விரிவுரையாளர் ஒருவர், வீட்டில் இருந்தபடியே வெளியூர் மென்பொருள் நிறுவனங்களுக்கு வேலை பார்க்கும் இருவர், சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸில் வரும் கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வங்கியில் வேலை பார்க்கும் நான். தமிழ்ச் சொற்களில் நிரல் எழுதும் ஒரு சின்ன மொழியைப் பராமரித்து வருகிறோம். இந்த வழியில் எங்களுக்கு முன்னால் நடந்தது எழில். முத்து அண்ணாமலை பைத்தான் என்ற நிரல்மொழியில் உருவாக்கிய அந்த மொழியில் 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் எழுத்து வரும். எங்களுடையது அதைவிடச் சின்னது. பள்ளிக்கூடப் பிள்ளை நிரலாக்கத்தின் முதல் படியில் ஆங்கிலத்தில் இடறி விழாமல் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் அதற்குப் பெரிய லட்சியம் கிடையாது.

மொழி ஒருவாறு ஓடுகிறது. இல்லாதவை அதைச் சுற்றி இருக்க வேண்டிய கருவிகள். ஆனித் தேரோட்டம் முடிந்த மறு ஞாயிறு, அடுத்த ஓராண்டில் எதைச் செய்வது என்று பலகையில் எழுதினோம்: லாங்குவேஜ் சர்வர், பேக்கேஜ் களஞ்சியம், ஃபார்மேட்டர், பிழைச்செய்திகளைச் சீராக்குதல், டீபக்கர், பயிற்சிக் கையேடு. எழுதி முடித்ததும் வாத்தியார் கேட்டார்: "எல்லாம் சரி, கையில் எவ்வளவு இருக்கிறது?"

அந்தக் கணக்கை நான் போட்டேன். ஆறு பேரும் சேர்ந்து வாரத்துக்கு 22 மணி நேரம் தருகிறோம். அதில் 9 மணி நேரம் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதிலும், வந்த திருத்தங்களைப் பார்ப்பதிலும், புதிய பதிப்பு வெளியிடுவதிலும் போய்விடுகிறது. மீதி 13. பொங்கல், தேர்வுகள், மார்ச் மாத வங்கிக் கணக்கு முடிப்பு, கல்யாண முகூர்த்தங்கள் எல்லாவற்றையும் கழித்தால் ஓராண்டில் 38 வாரங்கள்தான் உருப்படியாகக் கிடைக்கின்றன. பெருக்கிப் பார்த்தால் 494. ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளலாம். பலகையில் இருந்த ஆறு வேலைகளுக்கும் மதிப்பீடு போட்டால் ஆயிரத்து நூறைத் தாண்டியது.

மணி நேரம் ஒன்றை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறிவிடுவோம் என்பது என் எண்ணம். வீட்டுக் கடன் வாங்க வருகிறவர்கள் முன்பணத்தைப் பற்றியே பேசுவார்கள். அவர்களை முறிப்பது தவணை. கருவிகளும் அப்படித்தான். கட்டி முடிக்க ஆகும் நேரம் முன்பணம். அதன் பிறகு வாராவாரம் அது கேட்கும் நேரம் தவணை. தன்னார்வலர்கள் நடத்தும் மொழிகளில் தவணை கட்ட ஆள் இல்லாமல் கிடக்கும் கருவிகள்தான் அதிகம். பைத்தான் போன்ற ஒரு மொழி 1991இல் வெளிவந்தது. அதன் அறக்கட்டளை முழுநேரச் சம்பளத்தில் ஒரு மைய நிரலரை முதன்முறையாக அமர்த்தியது 2021இல். உலகமே பயன்படுத்தும் மொழிக்கு முப்பது ஆண்டு ஆனது என்றால், ஜெராக்ஸ் கடை மாடிக்கு எத்தனை ஆகும்?

முதலில் லாங்குவேஜ் சர்வர். அதற்குத்தான் குரல் பலமாக இருந்தது. மென்பொருள் வேலை பார்க்கும் இருவருமே அதைக் கேட்டார்கள். எழுத எழுதவே சொல்லை நிரப்பித் தருவது, பிழையான இடத்தில் சிவப்புக் கோடு போடுவது, ஒரு பெயர் எங்கே வரையறுக்கப்பட்டது என்று காட்டுவது எல்லாம் இதன் வேலை. முன்பு ஒவ்வொரு மொழிக்காரரும், நிரலைத் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு எடிட்டருக்கும் தனித்தனியாக இதை எழுத வேண்டியிருந்தது. பத்து மொழி, பத்து எடிட்டர் என்றால் நூறு வேலை. 2016 ஜூனில் மைக்ரோசாப்ட், ரெட் ஹாட், கோட்என்வி ஆகிய மூன்றும் ஒரு பொது நெறிமுறையை அறிவித்தன. அதன்படி எழுதினால் மொழிக்கு ஒன்று, எடிட்டருக்கு ஒன்று என இருபது வேலையோடு தீர்ந்துவிடும். எங்களைப் போன்ற ஏழைகளுக்கு இது பெரிய வரம். மறுக்கவே முடியாது.

ஆனால் வரத்துக்குள் ஒரு வலி இருக்கிறது. நிரலை ஓட்டும்போது அது முழுமையாக இருக்கும், அல்லது பிழை என்று நின்றுவிடும். எடிட்டரில் நிரல் எப்போதுமே பாதியில்தான் இருக்கும். அடைப்புக்குறி மூடப்படாமல், சொல் முடியாமல். அந்த அரைகுறையையும் புரிந்துகொள்ளும் பார்சர், அதாவது நிரலைப் படித்து அதன் இலக்கண அமைப்பைப் பிரித்தறியும் பகுதி, வேண்டும். எங்கள் பார்சர் முதல் பிழையிலேயே கையை விரித்துவிடும். அதை வைத்துக்கொண்டு மேலே மாளிகை கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ரஸ்ட் மொழியின் கதையே போதும். அவர்களுடைய முதல் சர்வர், தொகுப்பியையே (நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரையே) பின்னணியில் ஓட்டி விடை வாங்கியது. அது மெதுவாக இருந்தது. பிறகு ரஸ்ட் அனலைசர் என்ற சர்வரை வேறு அடித்தளத்தில் புதிதாக எழுதினார்கள், 2022இல் பழையதைக் கைவிட்டார்கள். ஆள்பலம் உள்ளவர்கள் இரண்டு முறை கட்டலாம். ஹாஸ்கெல் மொழிச் சமூகத்தில் ஒரே வேலையை இரண்டு குழுக்கள் தனித்தனியே செய்துகொண்டிருந்தன. 2020 ஜனவரியில் இரண்டையும் இணைத்து ஒரே சர்வராக்க முடிவு செய்தார்கள். அந்த முடிவைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. இணைப்பதற்கு அவர்களிடம் இரண்டு இருந்தன.

எங்களிடம் இருந்தது அரை. போன ஆண்டு எங்களோடு இருந்த ஏழாவது ஆள் அந்த அரையைத் தனியாளாகக் கட்டினார். கெட்டிக்காரர். ராத்திரி இரண்டு மணிக்கும் திருத்தம் அனுப்புவார். ஒரு நாள் அழைத்து, "அண்ணாச்சி, வேலை மாறிவிட்டேன். வீட்டிலும் பெண் பார்க்கிறார்கள். இனி ஞாயிறு வர இயலாது" என்றார். வாழ்த்தித்தான் அனுப்பினோம். அடுத்த பதிப்பில் மொழியின் இலக்கணத்தில் சின்ன மாற்றம் ஒன்று செய்தோம், சர்வர் படுத்துவிட்டது. அந்த நிரலைத் திறந்து பார்த்தால் எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. மூன்று மாதம் அப்படியே கிடந்தது. கடைசியில் பதிவிறக்கப் பக்கத்திலிருந்தே அதை எடுத்துவிட்டோம். தேருக்கு வடம் பிடிக்க ஊரே வரும், சக்கரத்தடியில் சறுக்குக் கட்டை போடத் தெரிந்தவர் சிலர்தான். அந்தச் சிலரும் ஒருவராகச் சுருங்கிவிட்டால் தேர் நிலைக்கு வராது.

ஆகவே என் மதிப்பீடு: முன்பணம் 350 மணி, தவணை வாரம் மூன்று மணி. ஐந்நூறில் பெரும்பகுதி ஒரே கருவிக்கு.

பேக்கேஜ் களஞ்சியத்தைப் பற்றி விரிவுரையாளர் பேசினார். பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை ஓரிடத்தில் வைத்து, ஒரு கட்டளையில் இறக்கிக்கொள்ளும் வசதி. "அது இல்லாமல் எந்த மொழியும் வளர்ந்ததில்லை" என்றார். வளர்ந்த மொழிக்கு அது உண்மை. எங்களுக்கோ இன்று வரை பிறர் எழுதிய தொகுப்புகள் மொத்தம் பதினொன்று, அதில் நான்கு அவரே எழுதியவை. பதினோரு ஆடுகளுக்குச் சந்தை கட்ட வேண்டாம்.

ஆடுகள் பெருகினாலும் எனக்குத் தயக்கம் உண்டு. களஞ்சியம் வைத்த மறுநாளிலிருந்து நாம் காவல்காரர்கள். 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் உலகில் ஒருவர் தன் தொகுப்புகளைக் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். அவற்றில் லெஃப்ட்-பேட் என்பது வெறும் 11 வரி. அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் ஒரே நாளில் நின்றன. 2024 மார்ச் கடைசியில் வெளிவந்த, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் விவகாரம் அதைவிடப் பயங்கரமானது. களைத்துப்போயிருந்த ஒரே பராமரிப்பாளருக்கு உதவி செய்ய வந்தவராகத் தன்னைக் காட்டிக்கொண்டு, பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு வைத்தார்கள். உள்நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று ஒரு பொறியாளர் சந்தேகப்பட்டதால்தான் அகப்பட்டது. களைத்த ஒரே ஆள், உதவிக்கு வரும் முகம் தெரியாத நல்லவர்: இந்த இரண்டும் எங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அதன்மேல் பள்ளிப் பிள்ளைகளின் கணினியையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மாற்று வழி மலிவாக இருக்கிறது. கோ மொழியைப் பாருங்கள். பல ஆண்டுகள் மையக் களஞ்சியமே இல்லாமல், நிரல் இணையத்தில் இருக்கும் முகவரியையே தொகுப்பின் பெயராக வைத்து ஓட்டினார்கள். முறையான தொகுப்பு ஏற்பாடு 2018இல்தான் வந்தது. நாங்களும் முகவரியைக் கொடுத்தால் இறக்கித் தரும் ஒரு கட்டளையோடு நிறுத்திக்கொள்ளலாம். அது இப்போதே பாதி இருக்கிறது. விரிவுரையாளருக்கு இதில் முழுத் திருப்தி இல்லை, எனக்கு முழுத் திருப்தி.

டீபக்கர், அதாவது ஓடும் நிரலை நிறுத்தி நிறுத்திப் பிழை தேடும் கருவி, வேண்டாம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. இருபது வரி நிரலுக்கு நடுவே இரண்டு 'பதிப்பி' போட்டுப் பார்த்தால் போதும். கையேடு வேண்டும் என்பதிலும் சண்டை இல்லை. வாத்தியார் 60 மணி நேரத்தில் எழுதித் தருவதாக ஏற்றுக்கொண்டார். அவர் எழுதினால் தவணையும் குறைவு, ஏனென்றால் கணக்கு வாத்தியார்கள் ஒரு முறை எழுதினால் பத்து ஆண்டுக்கு மாற்ற மாட்டார்கள்.

ஃபார்மேட்டர் ஒரு நடுத்தர விஷயம். எழுதிய நிரலை ஒரே பாணியில் வரிசையாக அடுக்கித் தரும் கருவி. இதில் கோ மொழியின் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். மொழியோடு சேர்த்தே ஃபார்மேட்டரைக் கொடுத்தார்கள், பாணியை அவரவர் விருப்பப்படி மாற்ற இடம் வைக்கவில்லை. அந்தப் பாணி யாருக்கும் மனத்துக்குப் பிடித்ததாக இருக்காது, ஆனால் சண்டை ஒழிந்தது. எங்கள் ஆறு பேருக்கும் வந்த திருத்தங்களைப் பார்ப்பதற்கென்று போகும் நேரத்தில் கால் பங்கு, இடைவெளி எத்தனை என்ற வாக்குவாதத்தில் போகிறது. அந்தக் கால் பங்கு மிச்சமானால், ஃபார்மேட்டர் தன் முன்பணத்தைத் தானே திருப்பித் தரும். 90 மணி நேரம் என்று போட்டோம். ஒரு எச்சரிக்கை மட்டும்: தமிழ் எழுத்துகளுக்கு அகலம் ஒரே அளவு கிடையாது. 'ணை' எங்கே, 'ர' எங்கே? சமக்குறிகளைச் செங்குத்தாக நேர்கோட்டில் நிறுத்தும் அழகு வேலை தமிழில் எடுபடாது. வரித் தொடக்கத்து இடைவெளியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி பிழைச்செய்திகள். பலகையில் இதை எழுதியவர் அந்த மாணவி. ஒரு மூலையில், மற்றவற்றைவிடச் சின்ன எழுத்தில்.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் மொழியைச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பதினைந்து வரி எழுதினாள். மூன்றாவது வரியில் திறந்த நிபந்தனைக் கிளைக்கு, அது முடிவதைக் காட்டும் 'முடி' என்ற சொல்லைப் போட மறந்துவிட்டாள். எங்கள் தொகுப்பி சொன்னது: "பிழை: வரி 16. எதிர்பாராத இறுதி." பதினாறாவது வரியே அவள் எழுதவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள். மறுபடியும் அதே வரி 16. மூன்றாம் முறை அவள் எழுதவில்லை.

"சார், இந்தப் பிள்ளை உங்களிடம் வந்து எதுவும் கேட்கமாட்டாள்" என்றார் மாணவி. "லாங்குவேஜ் சர்வர் கேட்பவர்கள் ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவர்கள். எங்கள் அப்பாவுக்குக் கன்னடியன் கால்வாயில் வயல். கார் சாகுபடிக்கு அணையில் தண்ணீர் குறைவாக இருக்கும் ஆண்டில் தலைமடைக்காரர்கள் சத்தம் போட்டே வாங்கிவிடுவார்கள். கடைமடைக்காரர் வந்து கேட்கும்போது பயிர் காய்ந்திருக்கும்."

அறையில் ஃபேன் ஓசை மட்டும் கேட்டது. எங்களில் பாதிப் பேருக்கு வயல் இருக்கிறது.

இது உருக்கமான பேச்சு என்பதற்காக நான் இதன் பக்கம் சாயவில்லை. கணக்கும் இதன் பக்கம்தான். நல்ல பிழைச்செய்தி ஒரு மொழியின் பெயரையே மாற்றிவிடும் என்பதை 2015இல் எல்ம் மொழி காட்டியது. மனிதரிடம் பேசுவதுபோல் பிழையை விளக்கியது. அடுத்த ஆண்டே ரஸ்ட் அதைப் பார்த்துத் தன் பிழைச்செய்திகளை மாற்றி அமைத்தது. பைத்தான் 2020இல் பார்சரைப் புதிதாக்கி, 2021இல் வந்த 3.10 பதிப்பில் செய்திகளைத் திருத்தியது. அதற்கு முன் அடைப்புக்குறியை மூட மறந்தால் அடுத்த வரியைக் குற்றம் சொல்லும். இப்போது 'இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை' என்று திறந்த இடத்தையே காட்டும். பெயரைத் தப்பாக எழுதினால் 'இதைத்தான் சொல்ல வந்தீர்களா?' என்று கேட்கும். எங்கள் ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்: "வரி 3இல் தொடங்கிய கிளைக்கு 'முடி' இல்லை."

இன்னொரு காரணமும் உண்டு. மற்ற வேலைகளை உலகில் வேறு யாராவது செய்து நாம் எடுத்துக்கொள்ளலாம். தமிழுக்கே உரிய பிழைகளை நாம்தான் பிடிக்க வேண்டும். 'கோணம்' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் அந்தக் 'கோ' இரண்டு விதமாக அமையலாம்: க-வோடு ஓகாரக் குறி ஒன்றாகவோ, ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகவோ. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. ஒன்றாக்கும் விதி யூனிகோடிலேயே இருக்கிறது. பைத்தான் பெயர்களுக்கு அப்படித்தான் செய்கிறது. நாங்கள் செய்யவில்லை. அதனால் 'கோணம்' என்ற மாறியை வரையறுத்த மறுவரியில் "கோணம் என்ற பெயர் தெரியவில்லை" என்று எங்கள் தொகுப்பி சாதிக்கும். ஒரு பிள்ளை இதைப் பார்த்தால் கணினிக்குப் பேய் பிடித்தது என்றுதான் நினைக்கும்.

அதைவிட மோசம் 'கௌரி'. ஔகாரக் குறி போடாமல், கொம்பு போட்டு, க எழுதி, பக்கத்தில் ள என்ற எழுத்தையே சேர்த்து 'கெளரி' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். செய்தித்தாள்களிலேயே பார்க்கலாம். இதை யூனிகோடின் எந்த விதியும் ஒன்றாக்காது, ஏனென்றால் உண்மையாகவே அவை வேறு எழுத்துகள். நாம்தான் "'கெளரி' என்று எழுதியிருக்கிறீர்கள், மேலே 'கௌரி' என்று இருக்கிறது" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். தமிழ் எண் ௧ என்பதும் க என்ற எழுத்தும் அப்படித்தான்.

இடம் காட்டுவதிலும் வில்லங்கம். 'நெல்லை' என்றால் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஆறு குறி. யூனிகோடைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 கணக்கில் பதினெட்டு பைட். அந்தச் சொல்லுக்கு அடுத்த இடம் நான்காவதா, ஏழாவதா, பத்தொன்பதாவதா? எங்கள் தொகுப்பி பைட் கணக்கில் சொல்கிறது. பிள்ளை விரலால் எண்ணிப் பார்த்து ஏமாறுகிறது. கட்டளைத் திரையில் கீழே அம்புக்குறி போட்டுக் காட்டினாலும் அது வேறெங்கோ போய் நிற்கும். அம்புக்குறியை விட்டுவிட்டு, பிழையான சொல்லையே மேற்கோளில் எடுத்துக்காட்டுவதுதான் தமிழுக்கு ஒத்துவரும் என்று இப்போது நினைக்கிறேன். லாங்குவேஜ் சர்வர் கட்டினாலும் இதே கணக்குத் தகராறு வரும். அந்த நெறிமுறை முதலில் யூடிஎஃப்-16 என்ற இன்னொரு சேமிப்பு முறையின் அலகில் எண்ணச் சொன்னது, 2022இல் வந்த 3.17 பதிப்பில்தான் வேறு முறையைத் தேர்ந்தெடுக்க இடம் கொடுத்தது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொன்னபோதுதான் மென்பொருள்காரர்களில் மூத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிழைக்குப் பிறகும் நிற்காமல் தொடரும் பார்சர் இருந்தால் பிழைச்செய்தி நன்றாக வரும். நாளைக்கு லாங்குவேஜ் சர்வர் கட்டுவதற்கும் அதே பார்சர்தான் அடித்தளம். இடத்தைச் சரியாக எண்ணுவதும் இரண்டுக்கும் பொது. கடைமடைக்குப் போகிற தண்ணீர் தலைமடையைத் தாண்டித்தானே போகிறது. "அப்படியானால் பார்சரை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார் அவர். கோபம் முழுவதும் தணிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சிவப்புக் கோடு இல்லாத எடிட்டரில் தமிழ் நிரலைக் காட்டினால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள் என்று காபி குடிக்கும்போதும் சொன்னார். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பிற நிரலர்களை ஈர்க்க சர்வர்தான் உதவும், அவர்கள் வந்தால்தான் 22 மணி நேரம் 40 ஆகும் என்ற அவருடைய வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

கடைசியில் பங்கிட்டது இப்படி: பார்சரைத் திருத்த 120 மணி, பிழைச்செய்திகளுக்கு 220, ஃபார்மேட்டருக்கு 90, கையேட்டுக்கு 60. கூட்டினால் 490. 494இல் மீதி நான்கு மணி நேரத்தைத் தேநீர்க் கணக்கில் எழுதினேன். களஞ்சியம் கிடையாது, டீபக்கர் கிடையாது. லாங்குவேஜ் சர்வர் அடுத்த ஆனி வரை கிடையாது. அதற்குள் இன்னும் இருவர் வாரம் மூன்று மணி நேரம் தருவதாக வந்து, ஆறு மாதம் நிலைத்திருந்தால் மறுபடியும் பலகையில் எழுதலாம். கூடவே ஒரு விதி: எந்தக் கருவியையும் இருவருக்குத் தெரிந்த பிறகே வெளியிடுவது. பார்சரில் மூத்தவரோடு மாணவி உட்காருகிறார். ஃபார்மேட்டரில் விரிவுரையாளரோடு நான். எனக்கு நிரல் எழுத வருவது அரைகுறைதான், ஆனால் எனக்கே புரியும்படி எழுதினால் எவருக்கும் புரியும் என்று அவர் சமாதானம் சொல்கிறார்.

பிழைச்செய்திகளின் வாசகத்தை வாத்தியார் பார்க்கிறார். முதல் வாரமே 'எதிர்பாராத இறுதி' என்பதை அடித்துவிட்டு, யார் எதிர்பார்க்கவில்லை என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை மாணவி அதே பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். 'முடி' செய்தி அதற்குள் தயாராகிவிடும், 'கோணம்' சரியாகிவிட்டது, 'கெளரி' இன்னும் பாக்கி.